பாடியில் கரண்ட்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் நான் முதலில் கேட்பது, "எந்த வருஷம், என்ன மாசம்?" என்பதுதான். பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள். தில்லிக்கு வந்த தமிழ்க் குடும்பங்களில் யார் எப்போது வந்தார்கள், எந்தக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள் என்று எழுதிவைப்பது என் பொழுதுபோக்கு. காலம் சொல்ல முடியாத எதையும் நான் சேர்த்துக்கொள்வதில்லை. ஆகவே இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்கு வருத்தமில்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து தொடங்க வேண்டும். அது என் மனைவி சுகந்தியுடையது. இங்கேயே பிறந்து வளர்ந்து, வீட்டில்கூட இந்தி பேசும் இங்குள்ள தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அவள் அதன் வழியாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறாள். நேரு பிளேஸில் பாகம் பாகமாக வாங்கி அதை அவளுக்குச் சேர்த்துக்கொடுத்தவர் முரளி, அவளுடைய அத்தை மகன். ஃபரீதாபாத்தில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் முறைப்பையன் இருக்கும்போது பெண்ணை வெளியே கொடுப்பதானால் அவனிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். கேட்டார்கள். சிரித்துக்கொண்டே சரி என்றாராம். எங்கள் கல்யாணப் பேச்சு வந்தால் இன்றைக்கும் யாராவது ஒருவர் அந்தச் சிரிப்பைப் பற்றிச் சொல்லாமல் விடமாட்டார். மாப்பிள்ளை நான். அன்றைக்கு என் முகம் எப்படி இருந்தது என்று ஒருவருக்கும் ஞாபகமில்லை.

அந்தக் கம்ப்யூட்டரின் பவர் கார்டு பிளக்குக்குப் பக்கத்தில் கொஞ்சம் வெடித்திருந்தது. முரளி அதில் கறுப்பு டேப் சுற்றியிருந்தார். ஒரு சுருக்கம் கிடையாது, ஒரு பிசிறு கிடையாது. ஒரு மனிதர் இவ்வளவு அழகாக டேப் சுற்ற வேண்டிய அவசியம் என்ன என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

போன வருஷம் ஆடி மாதம் அவர் திடீரென்று இறந்துபோனார். மாரடைப்பு. கார்த்திகையில் எங்களுக்கு கோல் மார்க்கெட் பக்கம் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் தரைத்தள வீடு ஒதுக்கீடானது. பழைய கட்டடம், உயரமான கூரை, பின்னால் கொஞ்சம் மண்தரை. அங்கே போன பிறகுதான் இது ஆரம்பித்தது. குளித்துவிட்டு வந்து, அலமாரியிலிருந்து எதையோ எடுக்கும்போது கம்ப்யூட்டரின் இரும்புப் பெட்டியில் என் கை பட்டது. விறுவிறு என்று ஒரு நடுக்கம் முழங்கை வரை ஏறியது.

"ஷாக் அடிக்குது இதில," என்றேன்.

"நான் நாள் முழுக்கத் தொடுதேன். என்னைய ஒண்ணும் செய்யலையே," என்றாள் சுகந்தி.

காரணம் எனக்குத் தெரியும். நான் வெறுங்காலோடு நிற்கிறேன், அவள் கம்பளி சாக்ஸும் ரப்பர் செருப்புமாக உட்கார்ந்திருக்கிறாள். சுவரில் பிளக் பாயின்ட்டுக்கு மூன்று ஓட்டை இருந்தது. ஆனால் மூன்றாவது, அந்த எர்த் ஓட்டை, வெறும் அலங்காரம். உள்ளே வயர் எங்கும் போகவில்லை. எர்த் இல்லாவிட்டால் பெட்டியின் இரும்பில் கசிகிற கரண்ட் தொடுகிறவன் வழியாகத்தான் தரைக்குப் போகும். புத்தகத்தில் படித்திருக்கிறேன். அதை அவளுக்கு நிரூபித்துக் காட்டலாம் என்று அவளைச் செருப்பைக் கழற்றச் சொன்னேன். கழற்றினாள். வெறுங்காலோடு தரையில் நின்று உள்ளங்கையைப் பெட்டிமேல் வைத்தாள். ஒன்றுமில்லை. பிறகு அவளுடைய செருப்பை நான் மாட்டிக்கொண்டு தொட்டேன். அடித்தது.

"அதுக்கு உங்களைப் பிடிக்கல போல," என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

குவார்ட்டர்ஸ் வாசிகள் 'என்கொயரி' என்று சொல்லும் புகார் அறையில் எழுதிவைத்துவிட்டு வந்தேன். எலெக்ட்ரீஷியன் ஒருவர் வந்தார். டெஸ்டரை எடுத்துப் பெட்டியில் வைத்தார், உள்ளே சிவப்பாக எரிந்தது.

"பாடி மே கரண்ட் ஹை, சாப்," என்றார்.

வெளி இரும்பைத்தான் அவர்கள் பாடி என்பார்கள். ஆனால் சுகந்தி கையிலிருந்த டீத் தம்ளரை அப்படியே கீழே வைத்தாள். ஆடி மாதத்தில் ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் "பாடியை எப்பக் குடுப்பீங்க, பாடியை எப்பக் குடுப்பீங்க" என்று கேட்டவள் அவள்தான். ஆறேழு பேரிடம் கேட்டிருப்பாள். அந்த வார்த்தைக்கு அவளிடம் வேறு அர்த்தம் மிச்சமில்லை.

"பையா, சச் மே ஹை?" என்று கேட்டாள், நிஜமாகவே இருக்கிறதா என்று.

"பக்கா ஹை, பாபிஜி. அர்த்திங் கர் தேங்கே தோ சலா ஜாயேகா."

எர்த் கொடுத்துவிட்டால் போய்விடும் என்கிறார். இந்தியில் கரண்ட் ஆண்பால். போய்விடும் என்பதற்கும் போய்விடுவான் என்பதற்கும் அவர்களிடம் ஒரே சொல்தான். நான் இதை யோசித்துக்கொண்டிருந்தபோதே அவள் சொல்லிவிட்டாள்.

"தோ ரெஹ்னே தீஜியே."

அப்படியானால் இருக்கட்டும், வேண்டாம் என்று. எலெக்ட்ரீஷியன் என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன். "மேடம் கீ மர்ஜி," மேடம் இஷ்டம் என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நான் சத்தம் போட்டேன். "இது ஆபத்து, சுகந்தி. என்னைக்காவது பெருசா அடிச்சா?"

"உங்களத்தான அடிக்கு. நீங்க தொடாதீங்க."

என் வீட்டில், என் பெயரில் ஒதுக்கப்பட்ட வீட்டில், நான் தொடக்கூடாத ஒரு பொருள் இருந்தது. அவள் பாடம் நடத்தும்போது இடது கை எப்போதும் அந்தப் பெட்டிமேல்தான் கிடக்கும். முன்பும் அப்படித்தானா, நான்தான் கவனிக்கவில்லையா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

பொங்கலன்று ஆபீஸில் ஆர்.ஹெச்., அதாவது விருப்ப விடுமுறை, எடுத்திருந்தேன். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மஞ்சள் கொத்து வாங்கி வந்தபோது வெளியே பனிமூட்டம், காலனி முழுக்கக் கரண்ட் இல்லை. யு.பி.எஸ்ஸும் ரிப்பேருக்குப் போயிருந்தது. இதுதான் சமயம், கார்டையாவது மாற்றிவிடுவோம் என்று ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட புது கார்டு ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பழையதைச் சுவரிலிருந்து பிடுங்கினேன், பெட்டியிலிருந்தும் பிடுங்கினேன். கார்டு முழுவதும் என் கையில். நம்பினால் நம்புங்கள், அந்த நிலையில் பெட்டியைத் தொட்டேன், அடித்தது. தில்லிக் குளிரில் ஸ்வெட்டர் உரசினால் சுளீர் என்று ஒன்று வைக்குமே, அதுவல்ல. அது ஒரே சொடுக்கு. இது விடாமல் ஓடியது, அதே விறுவிறுப்பு, முழங்கை வரை.

அடுக்களையிலிருந்து சுகந்தி வந்தாள். கை ஈரமாக இருந்தது, பச்சரிசி கழுவிக்கொண்டிருந்திருப்பாள். என் கையில் தொங்கிய கார்டைப் பார்த்தாள். ஈரக் கையைப் பெட்டிமேல் வைத்தாள். அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். அவள் கை வழியாக அது எனக்குள் ஏறியது. அப்போதுதான் முதல்முறையாக அவள் முகம் சுளித்தது.

"விடுங்க," என்றாள். "நீங்க தொட்டாத்தான் எனக்கு அடிக்கு."

விட்டேன். வேறு என்ன செய்வது? கொஞ்ச நேரம் அவள் அப்படியே நின்றாள், நான் தரையில் உட்கார்ந்திருந்தேன், அடுப்பில் பால் பொங்கி வழிகிற வாசம் வந்தது. இரண்டு பேருமே அடுப்பைப் பார்க்கப் போகவில்லை. பிறகு அவளாகவே சொன்னாள்.

"சரி. மண்ணுல எறக்கிருங்க. உங்களுக்கும் நிம்மதி வேணும்லா."

மறுவாரம் அதே எலெக்ட்ரீஷியன் வந்து பின்பக்க மண்தரையில் குழி தோண்டினார். குழாயை நட்டு, கரியும் உப்பும் போட்டு மூடி, அங்கிருந்து வயர் இழுத்து மூன்றாவது ஓட்டையில் சேர்த்தார். எர்த் பிடித்துவிட்டதற்கு அடையாளமாக டெஸ்ட் பல்பு பளிச்சென்று எரிந்தது. புது கார்டைப் போட்டோம். பெட்டியைத் தொட்டேன், வெறும் இரும்பு, குளிர்ந்து கிடந்தது. சுகந்தியும் தொட்டுப் பார்த்தாள். உடனே கையை எடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு பாடம் நடத்தும்போது அவள் இடது கை மடியில்தான் இருந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன், சொல்ல வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை.

எலெக்ட்ரீஷியன் போகும்போது, குழி காய்ந்தால் எர்த் வேலை செய்யாது, வெயில் காலத்தில் தண்ணீர் விடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சுகந்தி வெயில் காலம் வரை காத்திருக்கவில்லை. தை மாதக் குளிரிலேயே தினமும் காலையில் குளித்த தலையோடு ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினாள். ஊற்றிவிட்டுச் செருப்பைக் கழற்றி அந்த ஈர மண்ணில் கொஞ்ச நேரம் நிற்பாள். ஏன் என்று கேட்டதற்கு, "காலுக்கு எதமா இருக்கு," என்றாள். தில்லி ஜனவரியில், ஈர மண், எதமாம்.

ஜூனில் தன் தங்கை மகள் கல்யாணத்துக்காக அவள் ஊருக்குப் போனாள். எனக்கு லீவு கிடைக்கவில்லை. போகும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "குழிக்கு மறக்காம தண்ணி ஊத்துங்க." நான் என்ன சாப்பிடுவேன் என்று கேட்கவில்லை. அதனால் நான் ஊற்றவில்லை. ஒரு சொட்டு ஊற்றவில்லை. காய்ந்து, எர்த் விட்டுப்போய், பெட்டி மறுபடி என்னை அடித்தாலும் பரவாயில்லை என்ற பிடிவாதம்.

ஜூன் மாத லூ, அந்த அனல்காற்று, எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துளசி கருகிவிட்டது. கொடியில் போட்ட துணி விறைத்து நின்றது. குழி மட்டும் காயவில்லை. காலையில் போய்க் கை வைத்துப் பார்த்தால் ஜில்லென்று ஈரம். அந்தப் பக்கம் குழாய் கிடையாது. கூலர் வீட்டின் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது, அதிலும் ஒழுகல் இல்லை. பின்கதவை நானேதான் பூட்டுவேன், சுவர் என் தலைக்கு மேல். அந்த ஈரம் குழியின் அளவுக்கு மட்டும், விளிம்பு வரை, ஒரு விரல்கூட வெளியே வழியாமல் இருந்தது.

சுகந்தி திரும்பி வந்தாள். சூட்கேஸை வாசலில் வைத்துவிட்டு நேராகப் பின்பக்கம் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

"தண்ணி ஊத்துனீங்களா?"

"தினமும்," என்றேன்.

"நீங்க ஒரு நாளும் ஊத்தல," என்றாள். கோபமே இல்லை. ரயில் எத்தனை மணிக்கு வந்தது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

யார் சொன்னது என்று கேட்க வாயெடுத்தேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் நின்றுகொண்டிருந்தாள், முதுகு என் பக்கம். நான் உள்ளே போய் டீ போட்டேன். இன்று வரை அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள்.