பாலுக்குத் தெரியாத வளைவு

வளைவுக்குள்ளே நுழைந்த பிறகு பிரேக் மிதிக்கிறவனை மம்சாபுரம் சங்கரலிங்கம் டிரைவர் என்றே சேர்த்துக்கொள்வதில்லை. அப்படிக் கழித்துப் பார்த்தால் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் சேர்த்து அவர் ஒப்புக்கொண்ட டிரைவர்கள் மூன்றே பேர். ஒருவர் இறந்துவிட்டார். இன்னொருவர் துபாயில் இருக்கிறார். மூன்றாமவர் யார் என்பதை அவர் சொல்வதில்லை, நாமே புரிந்துகொள்ள வேண்டும்.

ஐம்பத்தேழு வயதில் அவர் ஆக்டிங் டிரைவர். சொந்தமாகக் கார் வைத்திருந்தும் தூரம் ஓட்டப் பயப்படுகிறவர்கள் ஒரு நாளைக்கென்று கூப்பிட்டுக்கொள்ளும் ஆள். ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடை பெஞ்சுதான் இவர்களுக்கு ஸ்டாண்டு. யாருக்காவது செங்கோட்டை தாண்டி மலையேற வேண்டுமென்றால் கடைக்காரரே சொல்லிவிடுவார்: "மலைக்குன்னா சங்கரலிங்கத்தக் கூப்பிடுங்க." அந்த ஒரு சொல்தான் அவர் வாழ்க்கையில் சேர்த்து வைத்தது. மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள், முழங்கால் தேய்ந்துவிட்டது. அந்தச் சொல் மட்டும் தேயவில்லை.

அந்தப் பெயர் காரில் வந்ததல்ல, பாலில் வந்தது. பத்தொன்பது வருடம் அவர் பால் டேங்கர் ஓட்டினார். இங்கே ஏற்றி, புளியரை மலைச்சாலை ஏறி, ஆரியங்காவில் பாலைப் பரிசோதிக்கக் கொடுத்துவிட்டு, கேரளத்துப் பக்கம் இறங்க வேண்டும். டேங்கு நிறைய இருந்தால் கவலையில்லை, பாலுக்கு ஆட இடமிருக்காது. காலியாக இருந்தாலும் கவலையில்லை. அரைப் பால்தான் ஆளைக் கொல்லும். பிரேக் போட்டால் பால் முன்னால் வந்து மோதும். வளைந்தால் வெளிச்சுவரில் ஏறும். நடுவளைவில் ஸ்டீயரிங்கை வெடுக்கென்று திருத்தினால் ஒரு நொடி கழித்துத் திரும்பி வந்து வண்டியைப் பள்ளத்துப் பக்கம் தள்ளும். ஆகவே வேகத்தை நேர்சாலையிலேயே குறைத்துவிட வேண்டும். ஒரே இழுப்பில் வளைக்க வேண்டும், பாதியில் மனதை மாற்றக் கூடாது. பாலுக்குத் தெரியாமல் வளைய வேண்டும் என்பார் அவர். டேங்கரின் கனத்த கிளட்ச்சுக்கு முழங்கால் மறுத்த நாளோடு டேங்கர் போயிற்று. பழக்கம் போகவில்லை.

அந்தப் பழக்கத்தில் நின்றுகொண்டுதான் மலைக்கு வருகிற எல்லோரையும் அவர் இகழ்ந்தார். வளைவுக்கு வளைவு நிறுத்தச் சொல்லித் தங்களைத் தாங்களே படம் எடுத்துக்கொள்ளும் குடும்பங்களை இகழ்ந்தார். சாலையில் முழங்கால் உரசப் பைக்கைச் சாய்த்துக்கொண்டு போகும் பையன்களை இகழ்ந்தார். குரங்குக்கு வறுவல் பாக்கெட்டை நீட்டிவிட்டு, அது கையைப் பிறாண்டியதும் வனத்துறையைத் திட்டுகிறவர்களை இகழ்வதற்கென்று தனியே நேரம் ஒதுக்கினார். மலைக்கு வந்தவர்களில் மலையைப் பார்த்தவர் குறைவு என்பது அவர் கண்டது. அந்தக் கணிப்பில் பெரிய தவறு இருப்பதாகத் தெரியவில்லை.

இப்படிப்பட்டவரிடம்தான் அந்த மஞ்சள் கார் வந்து சேர்ந்தது.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஆலை வைத்திருக்கும் கண்ணபிரானின் மகன் த்ருவ், இருபத்தாறு வயது, பெங்களூரிலிருந்து பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தான். இரண்டே இருக்கை. தரையிலிருந்து நான்கு விரல் உயரம். நான்கு நொடியில் நூறு கிலோமீட்டர் வேகம் பிடிக்குமென்று அவன் பெஞ்சுக்கே வந்து சொன்னபோது சங்கரலிங்கம் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்:

"நாலு செகண்டுல நூறு. பிடிச்சு எங்க தம்பி போவீங்க? மணிக்கூண்டுக்கா?"

அதற்குக்கூடப் போக முடியவில்லை. அவர்கள் வீட்டுத் தெருமுனையில் ஒரு வேகத்தடை இருந்தது. அதைப் போடச் சொல்லிப் பத்து வருடத்துக்கு முன் மனுக் கொடுத்தவரே கண்ணபிரான்தான். காரின் அடிவயிறு அதில் உரசியது. குறுக்குவாட்டில், ஒரு நேரத்துக்கு ஒரு சக்கரமாக ஏற்றி இறக்கினால் தட்டாது என்று சங்கரலிங்கம் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை விடியலிலும் அது அவர் வேலையாயிற்று. வேகத்தடையைத் தாண்டும்வரை முப்பது அடி அவர் ஓட்டுவார். பிறகு இறங்கி இடப்பக்கம் போய் உட்காருவார், த்ருவ் வலப்பக்கம் ஏறுவான்.

"மலைக்குப் போறதுன்னா சங்கரலிங்கம் கூட இருக்கணும். அவரு உக்காந்திருந்தா எனக்குத் தூக்கம் வரும்" என்பது கண்ணபிரானின் நிபந்தனை.

ஆக, ஊரிலேயே விலையுயர்ந்த காரின் முதல் கியரை மட்டும் அறிந்தவராக அவர் நான்கு வாரம் இருந்தார். அந்த முப்பது அடியில் ஸ்டீயரிங் அவர் கையோடு ஏதோ பேசத் தொடங்கும். அதற்குள் இறங்க வேண்டும். மலையில் இதை ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டுமென்ற ஆசை அவருக்கு வந்துவிட்டது. மனைவி அழகுத்தாயிடம்கூட அதைச் சொல்லவில்லை. ஐம்பத்தேழு வயதில் ஒரு மஞ்சள் காருக்கு ஆசைப்படுவதை அவரே வேறொருவரிடம் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது அவருக்குத் தெரியும்.

இடப்பக்க இருக்கையில் அந்த நான்கு ஞாயிறும் தண்டனைதான். சேத்தூர் தாண்டியதும் த்ருவ் மிதிப்பான். மலையில் ஒவ்வொரு வளைவுக்குள்ளும் வேகமாகப் போய் விழுவான், உள்ளே போனபின் பிரேக்கைக் குத்துவான், பாதியில் ஸ்டீயரிங்கைத் திருத்துவான். சங்கரலிங்கத்தின் வலது கால் தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கைத் தேடிக் கால்மிதியைத் தேய்க்கும்.

"எப்டிண்ணே இருக்கு?"

"சத்தம் நல்லா கேக்குது தம்பி."

"என்ஜாய் பண்ணுங்கண்ணே!"

அவன் எதிரே பொருத்தியிருந்த சின்னக் கேமராவைப் பார்த்துச் சிரிப்பான். வளைவைப் பார்க்கிற நேரத்தைவிட, வளைவில் போகிற தன்னைப் பார்க்கிற நேரம் அதிகம். மகிழ்ச்சியாக இருக்கிறோமா என்று நொடிக்கொரு தரம் எட்டிப் பார்க்கிறவனிடம் மகிழ்ச்சி எப்படித் தங்கும்? விருந்தாளி சாப்பிடச் சாப்பிட இலையையே பார்த்துக்கொண்டு நிற்கும் வீட்டுக்காரனைப் போல அவன் ஓட்டினான்.

ஐந்தாவது ஞாயிறு த்ருவுக்கு வெளியிலிருந்து எடுத்த வீடியோ வேண்டியிருந்தது. பெரிய வளைவின் தடுப்புச்சுவர் ஓரம் சங்கரலிங்கத்தைப் போனோடு நிறுத்திவிட்டு அவன் ஓட்டினான். இரண்டு தடவை எடுத்ததிலும் பாதித் திரையில் அவருடைய கட்டைவிரல் இருந்தது. இது வேண்டுமென்று செய்ததல்ல. அவருக்குப் போன் என்றால் பேச மட்டும்தான்.

த்ருவ் வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். பிறகு சாவியை நீட்டினான்.

"நீங்க ஓட்டுங்கண்ணே, நான் எடுக்கேன். கண்ணாடி கறுப்புதான், உள்ள யாருன்னு தெரியாது. இந்த வளைவுல வரும்போது லேட்டா பிரேக் அடிங்க, நடுவுல ஆக்சிலேட்டரப் போட்டு மிதிங்க. பின்னாடி லேசா வழுக்கணும், டயர் கிறீச்சிடணும். அம்புட்டுதான். ஒரு தடவ போதும்."

அதாவது, உலகத்தில் யார் செய்தாலும் அவர் மன்னிக்காத காரியத்தை அவர் செய்ய வேண்டும், அதை த்ருவ் செய்ததாக ஊர் பார்க்க வேண்டும். அவர் சாவியை வாங்கிக்கொண்டார்.

அடிவாரம்வரை இறங்கித் திருப்பிக்கொண்டு அவர் ஏறினார். ஸ்டீயரிங்கைத் திருப்பினார், வண்டி திரும்பியது. இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பத்தொன்பது வருடம் அவர் திருப்பியபோதெல்லாம் முதலில் முன்சக்கரம், பிறகு கேபின், பிறகு டேங்கு, கடைசியில் பால் என்று ஒவ்வொன்றாகத்தான் திரும்பின. அவர் எப்போதும் ஒரு நொடி கழித்து நடக்கப்போவதற்காகவே வாழ்ந்தார். இங்கே நினைத்ததற்கும் நடந்ததற்கும் நடுவில் ஒன்றுமில்லை. சாலையின் சொரசொரப்பு, ஓரத்து மணல், நேற்றைய மழையின் ஈரம், எல்லாம் உள்ளங்கைக்கு வந்தன. நேரில் வேகத்தைக் குறைத்து, வளைவு எங்கே விடுகிறது என்று கண்ணால் பிடித்து, ஒரே இழுப்பில் வளைத்து, வெளியே வரும்போது மெல்ல மிதித்தார். வண்டி முதுகில் கைவைத்துத் தள்ளியது போல எழும்பி, அடுத்த வளைவின் வாசலில் கொண்டுபோய்ச் சரியாக நிறுத்தியது. ஒரு வளைவின் முடிவே அடுத்ததன் தொடக்கம். வேகமானி அறுபதைத் தொடவில்லை. அவருக்கு அதைப் பார்க்கத் தோன்றவில்லை. பெரிய வளைவும் வந்தது, போயிற்று. டயர் மூச்சுவிடவில்லை.

மேலே லாரிகள் ஒதுங்கும் இடத்தில் திருப்பிக்கொண்டு இறங்கி வந்தார்.

"என்னண்ணே இது! தேர் போற மாதிரி போறீங்க! சத்தமே இல்ல."

"பழக்கம் தம்பி. இன்னொருக்கா போயிட்டு வாரேன்."

இரண்டாவது தடவை அவன் சொன்னபடியே செய்துவிடலாம் என்றுதான் போனார். வளைவுக்கு முன்னால் கால் தானாகவே பிரேக்கை மிதித்துவிட்டது. மூன்றாவது தடவை அடிவாரத்தில் திருப்பும்போது அவருக்கு ஒன்று விளங்கியது. டயரைக் கிறீச்சிட வைப்பது ஒரு வித்தையே அல்ல, ஓட்டத் தெரியாத எவனும் தினம் செய்வதுதான். அதைச் செய்தால் வேலை முடிந்துவிடும். அவன் சாவியை வாங்கிக்கொள்வான். செய்யாதவரை மலை அவருடையது.

செய்யாவிட்டால் போகப்போவது எது என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்துகொண்டே கியரைப் போட்டார்.

நான்காவது தடவை த்ருவ் கைகளால் ஆட்டிக் காட்டி விளக்கினான். ஐந்தாவது தடவை ஒரு வைக்கோல் லாரி முன்னால் போயிற்று, அதன் பின்னாலேயே நடைபோட்டுப் போனார். அதைக் குறைசொல்ல முடியாது. ஏழாவது தடவை த்ருவ் தலையில் கைவைத்துத் தடுப்புச்சுவரில் உட்கார்ந்துவிட்டான். ஒவ்வொரு தடவையும் சங்கரலிங்கம் கண்ணாடியை இறக்கி, தப்பு செய்த பள்ளிக்கூடப் பையனைப் போல முகத்தை வைத்துக்கொண்டார். "இந்தத் தடவ பாருங்க தம்பி, விட்டுர மாட்டேன்." ஒன்பதாவது தடவை, அந்தப் பெரிய வளைவை எந்த இடத்தில் தொட்டால் எந்த இடத்தில் விடும் என்று ஒரு கையளவு பிசகாமல் அவருக்குத் தெரிந்திருந்தது. பத்தொன்பது வருடத்தில் அவர் பெரிதாகச் சொல்லிக்கொள்ளும்படி ஒரு மகிழ்ச்சியும் அந்தச் சாலை தந்ததில்லை. அது வேலை. அன்றைக்கு அதே வேலைதான், சுமை மட்டும் இல்லை.

பதினோராவது தடவையோடு வெயில் ஏறிவிட்டது, கேரளத்து வண்டிகள் வரிசைகட்டின. த்ருவ் சாவியைப் பிடுங்கிக்கொண்டான். வீட்டு வாசலில் அப்பாவைப் பார்த்ததும் தெருவுக்கே கேட்கும்படி சொன்னான்:

"இவருக்கு ஓட்டவே தெரியலப்பா. பதினோரு தடவ போனாரு. மாட்டு வண்டி மாதிரி ஓட்டுதாரு. இவர நம்பியா என்ன மலைக்கு அனுப்புனீங்க?"

கண்ணபிரான் அவர் பக்கம் திரும்பினார். "என்ன சங்கரலிங்கம்?"

ஒரு வார்த்தை போதும். அவருக்கு ஓட்டிக் காட்டவும் தெரியும், விளக்கவும் தெரியும். ஆனால் விளக்கினால் அந்தப் பதினோரு தடவையும் த்ருவின் வீடியோவைப் போல இன்னொருவர் பார்ப்பதற்கான பொருளாகிவிடும்.

"ஆமா மொதலாளி. பழைய கையி. வேகமா வர மாட்டேங்குது."

செய்தி அவருக்கு முன்னால் மம்சாபுரம் போய்ச் சேர்ந்திருந்தது. சோற்றைப் போட்டுக்கொண்டே அழகுத்தாய் கொதித்தாள்.

"ஒங்களுக்கு ஓட்டத் தெரியலன்னு சொன்னவன் யாரு? இப்பமே போயி அவிய வாசல்ல நின்னு கேக்கேன்."

"விடு ஏட்டி. சொல்லிட்டுப் போறான்."

"என்ன, சிரிக்கீக?"

"சிரிக்கல. இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து."

அடுத்த ஞாயிறு த்ருவ் ஸ்டாண்டிலிருந்து வேல்சாமியைக் கூட்டிக்கொண்டு போனான். நாற்பது வயது வேல்சாமி, சங்கரலிங்கத்தின் பட்டியலில் வளைவுக்குள்ளே பிரேக் மிதிப்பவர்களின் தலைவன். போன முதல் தடவையிலேயே நான்கு டயரும் அலற, புகை கிளம்ப, பின்பக்கம் வழுக்கி, அரையடியில் தடுப்புச்சுவரைத் தப்பி வந்தான். வீடியோவை ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்தார்களாம். த்ருவின் கைவரிசையைப் பாராட்டினார்களாம்.

திங்கட்கிழமை காலையில் வேல்சாமி பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். டீக்கடைக்காரர், "மலைக்குன்னா இனிமே வேல்சாமிதான்" என்று அவனுக்கு முதல் டம்ளரை நீட்டினார். மூன்று பேர் சிரித்தார்கள்.

"என்ன அண்ணாச்சி," என்றான் வேல்சாமி, "பதினோரு தடவ ஓட்டியும் டயரு ஒரு சத்தம் குடுக்கலையாமே? பஞ்சர் ஒட்டப் போனீகளா, வீடியோ எடுக்கப் போனீகளா?"

"வயசாயிட்டுல்ல வேல்சாமி."

"நான் ஒரே தடவதான். போனேன், அடிச்சேன், முடிஞ்சு. சாவிய வாங்கிக்கிட்டாரு."

சங்கரலிங்கம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தார். அவர் முகத்தில் எப்போதும் இருக்கும் இளக்காரம் அப்போது இல்லை. நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் கேட்டார்:

"ஒரே தடவதானா, லே?"