ஓரகத்தி விட்டுச்சென்ற ஏர் ஃப்ரையர்

என் சமையல் மேடையின் மூலையில் ஒரு ஏர் ஃப்ரையர் இருக்கிறது. கூடையை இழுத்து வெளியே வைத்துவிட்டுக் குனிந்து உள்ளே மேல்பக்கம் பார்த்தால், சூடேறும் சுருள் கம்பியின் ஒரு வளைவில் கருப்பாக ஒரு கறை ஒட்டியிருக்கும். எலுமிச்சம்பழம், சோடா மாவு, பழைய பிரஷ், எதற்கும் அது மசியவில்லை. அது என் பெயர். ஒரு துண்டுக் காகிதத்தில் நான் எழுதி ஒட்டிய பெயர் அந்தக் கம்பியில் போய்ப் பற்றிக்கொண்டு எரிந்ததில் வந்த கறை. மிஷினும் என்னுடையது அல்ல. என் கொழுந்தனாரின் மனைவி, அதாவது என் ஓரகத்தி, மஸ்கட்டுக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. அவளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது பாசம் இல்லை, பொறாமைதான். இன்றைக்கும் அப்படித்தான், நாளைக்கும் அப்படித்தான் இருக்கும். ஒளித்து என்ன ஆகப்போகிறது?

தாராவியில் எங்கள் வீடு கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை. கீழே நாங்கள். இரும்பு ஏணியில் ஏறினால் கொழுந்தனார் வீடு. நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். அவள் செம்பூரில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், வாசிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுவாள். "அக்கா, டென்ஷன் மத் லோ, கவலைப்படாதீங்க, நான் பார்த்துக்கறேன்" என்று இந்தி கலந்து சொல்வாள். அவள் பார்த்துக்கொண்டால் காரியம் நடந்தும்விடும், அதுதான் எனக்கு எரிச்சல். நான் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் சந்து முனையிலேயே இறக்கி வைக்கிற சிலிண்டர்காரர், அவள் ஒரு தடவை "பையா" என்று இந்தியில் அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டால் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளேயே வந்து மாட்டிவிட்டுப் போவார். சேலை கட்டினால் எடுப்பாக இருப்பாள், கசங்கின நைட்டியில் நின்றாலும் எடுப்பாக இருப்பாள். ஆண்டவர் சிலருக்கு மட்டும் அளக்காமல் கைநிறைய அள்ளிப் போடுவார் போலிருக்கிறது. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் கேக்கில் அவள் கை வைத்தபோதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எங்கள் சந்தில் அப்போது யார் வீட்டிலும் ஓவன் கிடையாது. கிறிஸ்துமஸ் நெருங்கினால் மாவைப் பிசைந்து நங்கட்டாய் பிஸ்கட் உருட்டி, கேக்குக்குக் கலந்து, தகரத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் துணியால் மூடி, மாஹிம் போகும் ரோட்டிலிருந்த பேக்கரிக்குத் தூக்கிக்கொண்டு போவோம். பாவ் ரொட்டி சுட்டு முடித்து, சூடு தணிந்துவரும் பெரிய செங்கல் அடுப்பில் எங்கள் தட்டுகளைத் தள்ளிச் சுட்டுத் தருவார்கள். எல்லார் தட்டும் ஒரே மாதிரி இருக்கும். அதனால் வீட்டுக்காரியின் பெயரை எழுதி, மைதாப் பசை தடவி, தட்டின் விளிம்பில் ஒட்டவேண்டும். "சிட்டி லகாவ், பாபி!", சீட்டை ஒட்டுங்க அண்ணி, என்று பேக்கரி பாய் ஒவ்வொருத்தியிடமும் கத்துவார். அந்தச் சூட்டில் சீட்டு பழுப்பேறுமே தவிர எரியாது. என் சீட்டு ஒட்டிய தட்டு வெளியே வந்தால், வரிசையில் நிற்கிற பெண்கள் எட்டிப் பார்ப்பார்கள். என் மகளின் பிறந்தநாளுக்கும் அங்கே சுட்ட கேக்தான் பள்ளிக்கூடம் போகும். "எங்கம்மா பண்ணினது" என்று சொல்லிச் சொல்லிக் கொடுப்பாள் என்று அவளுடைய டீச்சரே என்னிடம் சொன்னார். அதைக் கேட்ட அன்று வீட்டுக்கு நடந்து வந்தேனா, மிதந்து வந்தேனா என்று தெரியாது.

அப்படி இருக்கும்போதுதான் மேல்வீட்டுக்கு இந்த ஏர் ஃப்ரையர் வந்தது. முதலில் உருளைக்கிழங்கு, அப்புறம் சமோசா, அப்புறம் கோழி. நான் ஏணிப்பக்கம் தலைவைத்துக்கூடப் பார்க்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் வெண்ணெயும் சாக்லேட்டும் உருகுகிற ஒரு வாசனை இறங்கி வந்தது. அடுப்பில் மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தும் அதையும் தாண்டி வந்தது. வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த என் மகள் பென்சிலைப் போட்டுவிட்டு மேலே ஓடினாள். அடியில் குக்கி, மேலே பிரவுனி, இரண்டையும் ஒன்றாகச் சுட்ட பண்டம் அது. ப்ரூக்கி என்று பெயராம். மேலே கடிக்கும்போது மெத்தென்று குழைந்து, அடியில் மொறுமொறுவென்று உடைந்தது. ஒரு துண்டை ஓரகத்தி மகளிடம் எனக்கும் கொடுத்துவிட்டாள். "இனிப்புக் கொஞ்சம் தூக்கல்" என்றேன். அது கொஞ்சமும் தூக்கலாக இல்லை. நாக்கிலேயே நின்றது, பாவி மகள் பண்ணினது.

மகளின் பிறந்தநாள் வந்தது. நான் சல்லடையை எடுத்து மைதா சலிக்க உட்கார்ந்தேன். அவள் பக்கத்தில் வந்து, "அம்மா, இந்த பர்த்டேக்கு சித்தி ப்ரூக்கி எடுத்துட்டுப் போறேன்மா. கேக் வேண்டாம்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் ஒரு அதட்டுப் போட்டிருப்பேன். கன்னத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள். எனக்கு வயிறு எரிந்த எரிச்சலில் அந்த மைதாவை அப்படியே ரொட்டியாகச் சுட்டிருக்கலாம். பள்ளிக்கூடத்தில் "எங்கம்மா பண்ணினது" என்று சொன்ன வாய் நாளைக்கு "எங்க சித்தி பண்ணினது" என்று சொல்லப்போகிறது. அதற்கு விடுவேனா? சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினேன். "ஏட்டி, ஒன் மிஷின்ல ரெண்டு டப்பா வைக்க எடம் இருக்கா?" என்று கேட்டேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். "வாங்க அக்கா, சேர்ந்து பண்ணலாம்" என்றாள். சேர்ந்து பண்ண நான் போகவில்லை; ஜெயிக்கப் போனேன்.

அவள் சொல்லச் சொல்லச் செய்தேன். வெண்ணெயில் பழுப்புச் சர்க்கரை குழைத்து, மைதா சேர்த்துப் பிசைந்து, டப்பாவின் அடியில் விரலால் அழுத்தினோம். கோகோவும் முட்டையும் அடித்த பிரவுனிக் கலவையை அதன்மேல் ஊற்றினோம். அவளுக்கு ஒரு டப்பா, எனக்கு ஒரு டப்பா. கூடைக்குள் இரண்டும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தன. என்னுடையது எது என்று என் மகளுக்குத் தெரியவேண்டாமா? ஓரகத்தி பாத்திரம் கழுவத் திரும்பிய நேரத்தில், முந்தானையில் முடிந்து வைத்திருந்த சீட்டை எடுத்து, ஒரு சொட்டு மைதாப் பசை தடவி, என் டப்பாவின் விளிம்பில் ஒட்டிக் கூடையைத் தள்ளிவிட்டேன். எத்தனை வருஷத்துப் பழக்கம்! பேக்கரி அடுப்பில் நெருப்புதான் உண்டு. இந்தப் பெட்டிக்குள் மேலே ஒரு காற்றாடி சுழலும் என்று யார் கண்டது? பசை காய்ந்ததும் சீட்டு கழன்று, காற்றில் எழும்பி, சிவந்து கிடந்த கம்பியில் போய் ஒட்டிக்கொண்டது. குப்பென்று புகை. "அரே பாப்ரே!" என்று அவள் பாய்ந்து வந்து சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கினாள். கம்பியிலிருந்து உதிர்ந்த சாம்பல் அத்தனையும் என் டப்பாவின்மேலேயே விழுந்திருந்தது. அங்கேயும் பாருங்கள், அவளுடையதில் ஒரு பொட்டுக்கூட இல்லை.

சாம்பலைச் சுரண்டி எடுத்து, மிச்ச வேக்காட்டையும் முடித்தோம். என் மகள் இரண்டிலும் ஒவ்வொரு வாய் தின்றாள். சாம்பல் விழாத டப்பாவைக் காட்டி, "இதுதான் சூப்பர். சித்தியோடதுதானே?" என்றாள். என் ஓரகத்தி கண்ணைக்கூடச் சிமிட்டாமல், "இல்லடா, அது உங்கம்மா பண்ணினது" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. தோற்றுப்போவதைத் தாங்கலாம்; இவள் கையால் பிச்சையாக ஜெயிக்கவா? "யாரு சொன்னா? என்னுது அந்த நெளிஞ்ச டப்பா. புகை நாத்தம் அடிக்குதுலா, அதுதான் என்னுது" என்று கத்திவிட்டேன். மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். ஓரகத்தியும் சிரித்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். அப்புறம் அவள் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து ஒரு கிராம்பை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். "பேப்பர் வேண்டாம் அக்கா. அடுத்த தடவை இதை நடுவுல குத்திடுங்க. பறக்காது. உங்களுதுன்னு எல்லாருக்கும் தெரியும்." நான் ஏன் சீட்டு ஒட்டினேன் என்று அவள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

பிறந்தநாளுக்கு இரண்டு டப்பாவும் பள்ளிக்கூடம் போயின, என்னுடையதில் கிராம்போடு. என்ன சொல்லிக் கொடுத்தாள் என்று நான் விசாரிக்கவில்லை. அதற்குப்பின் எத்தனையோ தடவை இரண்டு டப்பாவாகச் சுட்டோம். ஒவ்வொரு தடவையும் அவளுடையது ஒரு பிடி உசத்திதான். கொழுந்தனாருக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்ததும், "இது உங்ககிட்ட இருக்கட்டும் அக்கா" என்று ஏர் ஃப்ரையரைக் கீழே இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டாள். மேல்வீட்டில் இப்போது வேறு குடித்தனம். என் மகள் கல்லூரிக்குப் போகிறாள். எனக்குச் சொல்லாத கதையையெல்லாம் சித்தியிடம் போனில் சொல்கிறாள். எரியாமல் என்ன செய்யும்?

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து, மகள் கேட்டாளென்று ப்ரூக்கி வைத்திருந்தேன். அவள் வீடியோ காலில் சித்தியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அங்கேயும் அன்று அதுதான் பண்டமாம். "அக்கா, பாருங்க" என்று பெரிய ஓவனிலிருந்து ஒரு தட்டை எடுத்துக் காட்டினாள். நன்றாகத்தான் வந்திருந்தது, வராமல் என்ன! பார்த்தால் நட்டநடுவில் ஒரு கிராம்பு. எனக்கு வந்ததே கோபம்.

"ஏட்டி, அது என் அடையாளம்லா! அங்க நீ ஒருத்திதான சுடுத? யாருக்கு அடையாளம் வைக்க?"

"யாருக்கும் இல்ல அக்கா. அது இருந்தா நீங்க பக்கத்துல டப்பா வச்ச மாதிரியே இருக்கும்லா."

என் ஊர் 'லா'வையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். நல்லவேளை, ஏர் ஃப்ரையர் டிங் என்று அடித்தது. எழுந்து போய்க் கூடையை இழுத்தேன். மேலே கம்பியில் அந்தக் கறை. கீழே என் டப்பா, அதன் நடுவில் ஒரு கிராம்பு. இங்கேயும் எத்தனையோ நாளாக ஒரே டப்பாதான் வேகிறது. அதில் கிராம்பை ஏன் குத்துகிறேன் என்று எனக்கும் தெரியும். சொல்லத்தான் இத்தனை நாளாக வாய் வரவில்லை. அதையும் அவளே முதலில் சொல்லிவிட்டாள்.