உள்ளங்கால் கறுப்பு

தூத்துக்குடியில் ஒரு ஆஸ்பத்திரியின் பின்கட்டில், திசுக்களைச் சோதித்து நோயைச் சொல்லும் ஒரே டாக்டராக நான் இருந்த காலம் அது. என்னிடம் நோயாளிகள் வருவதில்லை. அவர்களிடமிருந்து வெட்டியெடுத்த துண்டுகள்தான் வரும். நாள் முழுக்கப் பேச்சில்லாமல் போகும்.

கடலில் மூழ்கிச் சங்கெடுக்கும் குளியாளி ஒருவர் மட்டும் நேரிலேயே வந்தார், மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு. கால்கள் மரத்துப்போனதால், மதுரையில் அவருடைய முதுகெலும்புக் குழாய்க்குள்ளிருந்த கட்டியை எடுத்திருந்தார்கள். கட்டி கன்னங்கரேல் என்று இருந்ததாம். தோலில் எங்கோ தொடங்கிய புற்று முதுகுக்குப் பரவியிருக்கலாம், மூலத்தைத் தேடுங்கள் என்று எழுதி, கட்டியில் ஒரு துண்டையும் கொடுத்தனுப்பியிருந்தார்கள். பரவியதுதான் என்றால் செய்வதற்கு அதிகமில்லை. முதுகுக்குள்ளேயே தோன்றிய கட்டி என்றால் பிழைக்க வழியுண்டு. ஆனால் அது மிக அபூர்வம். நான் புத்தகத்தில் சில வரிகள் படித்ததோடு சரி.

கண், நகம், தலைத்தோல் எல்லாம் பார்த்தேன். வலது உள்ளங்காலில் மிளகளவு கறுப்பு. விளக்கை அருகே இழுத்துக் குனிந்தேன்.

"அது முள்ளு சார். கடலடிப் பார்ல முங்கையில கடல் முள்ளெலிய மிதிச்சிட்டேன்" என்றார்.

உள்ளங்காலில் புற்று வந்தவர்கள் பலரும் முள் குத்தியது என்றுதான் சொல்வார்கள்.

"வெட்டிப் பார்க்கணும் அண்ணாச்சி."

"முதுகக் கிழிச்சாவ, இப்பம் காலா?" என்றார் மனைவி. "மீனக்கூட இப்படிக் கூறு போடமாட்டாவ."

அவர் சிரித்துக்கொண்டே காலை நீட்டினார்.

சர்ஜன் எடுத்துத் தந்த துண்டை நறுக்கினேன். கத்தி கரகரத்தது. உள்ளே முறிந்த முள்ளின் நுனி, சுற்றிலும் அதன் சாயம். புற்று இல்லை.

இனி முதுகுக் கட்டி. மைக்ராஸ்கோப்பில் ஒரே மையிருட்டு, செல்களே தெரியவில்லை. பெர்மாங்கனேட்டில் ஊறவைத்து, ஆக்சாலிக் அமிலத்தில் அலசிக் கறுப்பை வெளுத்தேன். அப்புறம் தெரிந்தன, உருண்டையான, ஒழுங்கான உட்கருக்கள். பிளந்து பெருகும் செல் ஒன்றாவது அகப்படுமா என்று தேடினேன். அகப்படவில்லை; பரவும் புற்றில் அவை மலிந்திருக்கும். கூப்பிட்டுக் காட்ட ஆளில்லை. நான் தப்பாகப் பார்த்திருந்தால்? கதவுவரை போய்விட்டு, திரும்பி வந்து மறுபடி பார்த்தேன். 'தண்டுவட உறையிலேயே தோன்றிய கட்டியாகத் தெரிகிறது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

"மதுரைக்கே திரும்பப் போங்க அண்ணாச்சி, மேற்கொண்டு வைத்தியம் இருக்கு. ஆனா கட்டி திரும்ப வரலாம், வருஷா வருஷம் பார்க்கணும்."

"கடல்ல முங்குதவனுக்கு எவன் சார் இவ்வளவாவது உறுதி சொல்லுதான்?"

அவர்கள் போனபின் அறை முன்னைவிட வெறிச்சென்றிருந்தது. வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். உப்பளத்தில் வேலை பார்த்த அவர் பள்ளிக்கூடம் போனவரில்லை.

"ஊசி போட்டியாலே?"

"இல்லப்பா. பூதக்கண்ணாடியில பார்த்தேன்."

"பார்த்து?"

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. "பொழச்சுக்கிடுவாரு" என்றேன். ரிப்போர்ட்டில் எழுதத் துணியாத சொல் அது.