தவமணி அக்காவும் சூரியனின் நியூட்ரானும்

தவமணி அக்கா காலமான செய்தி கைப்பேசியில் வந்தபோது, நான் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் போகும் ரயிலில் நின்றிருந்தேன். என் முகம் எப்படி ஆனதோ, எதிரில் இருந்த பெண் எழுந்து, "அங்கிள், உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். இறங்க வேண்டிய இடமும் கடந்துபோனது.

நானும் அக்காவும் வேலை பார்த்த கோலாலம்பூர் ஆய்வுக்கூடத்தில் எங்களோடு இருந்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சூரியனில் பெரிய வெடிப்பு நிகழும்போது சில சமயம் நியூட்ரான்கள் கிளம்பும். மின்னேற்றம் இல்லாததால் காந்தப்புலத்தில் வளையாமல் நேராக வரும். ஆனால் நம் காற்று மண்டலம் பெரும்பாலானவற்றை விழுங்கிவிடும். சூரியன் உச்சியில் இருக்கும்போதுதான் கொஞ்சமாவது தரைக்கு வர வாய்ப்பு. ஓய்வு பெறுவதற்குள் அப்படி வருவதை ஒருமுறையாவது பிடித்துவிட வேண்டும் என்பது அக்காவின் ஆசை.

"நம்ம கேஎல்ல சூரியன் நடு மண்டையில நிக்குது முரளி, வேற என்ன வேணும்?" என்பார்.

"உயரம் வேணுங்க்கா. மலை மேல வச்சாதான் சரி."

"அப்ப நீ ஒரு மலையத் தூக்கிட்டு வா லா."

மலை கிடைக்கவில்லை. எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில், ஈயமும் பிளாஸ்டிக்கும் அடுக்கிய, நியூட்ரான்களை எண்ணும் கருவியை வைத்தோம்.

ஒருநாள் நண்பகலில் பெரிய வெடிப்பு. கருவியில் எண்ணிக்கை ஏறியது. நான் குதித்தேன். வெளிநாட்டு நிலையங்களுக்கு அனுப்பச் செய்தியைக்கூடத் தட்டச்சு செய்துவிட்டேன். அக்கா மட்டும் திரையை விட்டு நகரவில்லை.

"இரு லா. சூரியன் சாயச் சாய இது குறையணும். ஏன் குறையல?"

முகம் கழுவப் போனவர் சிரித்துக்கொண்டே திரும்பினார். குழாயில் காற்றுதான் வந்ததாம். அன்று கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் தண்ணீர் தடை. கட்டடத்தில் இருந்தவர்கள் மொட்டைமாடித் தொட்டியைக் காலி செய்திருந்தார்கள். அது எங்கள் கருவிக்கு நேர் மேலே இருந்தது. விண்வெளிக் கதிர்களால் தினமும் பொழியும் சாதாரண நியூட்ரான்களை அதுவரை தடுத்துக்கொண்டிருந்தது அந்தத் தண்ணீர்தான். தொட்டி காலியானதும் அவை இறங்கி, எண்ணிக்கையை ஏற்றியிருந்தன.

செய்தியை அவரே அழித்தார். மறுவாரம் தொட்டியைத் தானே திறந்துவிட்டு, மறுபடி நிரப்பி, எண்ணிக்கை ஏறி இறங்குவதை ரசித்துப் பார்த்தார். கீழ்மாடிக்காரர்கள் திட்டித் தீர்த்தது தனிக் கதை.

மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்தபோது கேட்டேன்: "ஒண்ணு கூட வரலையேன்னு வருத்தமாக்கா?"

"இல்லாம இருக்குமா? ஆனா வராதத வந்துச்சுன்னு சொல்லிட்டா, நெசமா வர்றப்ப யாரு நம்புவா?"

எனக்கென்று அவர் விட்டுப்போனது அந்த ஆசைதான். இப்போது வெடிப்புச் செய்தி வந்தால் நான்தான் போய்ப் பார்க்கிறேன். என்றாவது வரும். வந்தால் முதலில் யாரைக் கூப்பிட்டுச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.