நான் வாசிக்காத துண்டு

ஒரு மனிதனின் கேள்வியை நான் திருடினேன். ஆம், திருட்டுத்தான்! மென்மையான வேறொரு சொல்லைத் தேடித் தேடிக் களைத்துவிட்டேன்.

2012. நாங்கள் குடியேறிய மெரிலேண்ட்ஸில் எங்கள் தமிழ்ச் சங்கம் காவல்துறையினரை ஒரு சனிக்கிழமை மாலைக் கூட்டத்துக்கு அழைத்தது. அவர்களும் நம்மவர்களும் நெருங்கவேண்டுமாம்! நான் செயலாளர். சபையோர் காகிதத் துண்டில் எழுதித் தரும் கேள்விகளை ஆங்கிலத்தில் வாசிப்பது என் வேலை.

ஒரு துண்டு யோகனுடையது. படகில் அகதியாக வந்தவர், வில்லாவுட் தடுப்பு முகாமிலிருந்து தற்காலிக விசாவில் வெளியே வந்து கோழித் தொழிற்சாலையில் வேலை செய்தார். “சைக்கிளில் வேலைக்குப் போகும்போது மூன்று முறை மறித்தார்கள். சைக்கிள் களவெடுத்ததா என்று கேட்டுப் பையை வீதியில் கொட்டினார்கள். அதே வழியில் சைக்கிளில் வரும் வெள்ளைக்காரனை மறிப்பதில்லை. ஏன்?”

நியாயமான கேள்வி... அதனால்தான் பயந்தேன். அப்போதுதான் காவல்துறை அதிகாரிக்குப் பொன்னாடை போர்த்தியிருந்தோம். மனிதர் வடையை ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இந்த நேரத்திலா இது? எங்கள் பெயர் என்னாவது?

துண்டைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, வாகனம் நிறுத்த இடமில்லை என்ற துண்டை வாசித்தேன்.

“வேறு முறைப்பாடுகள்?” என்று அதிகாரி கேட்டார். உண்மையான அக்கறையோடுதான் கேட்டார்! “இல்லை, எங்களுக்கு முழுத் திருப்தி” என்றேன். ஆங்கிலம் விளங்காத யோகன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் கைதட்டியபோது அவரும் தட்டினார்.

கூட்டம் முடிந்ததும் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். “அண்ணை, என்ர துண்டை வாசிச்சனீங்களோ? என்ன சொன்னவர்?”

“ஓம் தம்பி. இனி மறிக்கமாட்டினமாம்.”

ஏன் அப்படிச் சொன்னேன்? ஊரில் இராணுவச் சோதனைச் சாவடிகளில் கையை உயர்த்திக்கொண்டு நின்றவன்தானே நானும்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

அவர் நம்பினார். அடுத்த முறை மறித்தபோது, “உங்கள் பெரியவர் வாக்குத் தந்தார்” என்று அரைகுறை ஆங்கிலத்தில் வாதாடியிருக்கிறார். நிலையத்துக்குக் கூட்டிப்போய் மாலைவரை இருத்திவைத்தார்களாம். வேலை போய்விட்டது. இதெல்லாம் எனக்குப் பிறர் சொல்லித்தான் தெரியும்.

அடுத்த வருடக் கூட்டத்துக்கும் வந்தார். எழுதுவதற்குத் துண்டை நீட்டினேன். வெறுமையாகவே திருப்பித் தந்தார்.

“எனக்கு ஒண்டுமில்லை அண்ணை. நீங்கள் கேட்டுத் தந்தனீங்கள்... அவையள்தான் சொல் காப்பாத்தேல்லை.”

அவர்கள் அப்படியொரு சொல் தரவேயில்லை என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம்... வாயைத் திறந்தேன். பிறகு, அடுத்த கதிரையில் இருந்தவருக்குத் துண்டை நீட்டினேன்.