சபேசனுக்குக் கடத்திய நார்த்தங்காய்

ஞாயிற்றுக்கிழமை காலை தியாகராய நகர் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளிக்கூடத்துப் பியூன் முனுசாமி சைக்கிளை விட்டு இறங்கி, "நம்ம டிராயிங் வாத்தியாரு பூட்டாரு சார். ரெண்டு நாளா ஜுரமாம்" என்றார். கத்தரிக்காயைப் போட்டுவிட்டு மயிலாப்பூருக்கு பஸ் ஏறினேன். வழியெல்லாம் சபேசன்மேல் கோபம்தான் வந்தது. சொல்லாமல் லீவு போடுகிற பழக்கம் அவருக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அவர் நிறம் மாறிய வருஷம் ஞாபகமிருக்கும். ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து பட்டணமே காலியானதற்கு அடுத்த வருஷம். மாநிறமாக இருந்தவர் மாதத்துக்கு மாதம் கறுத்தார். உள்ளங்கை ரேகைகூட மையால் வரைந்ததுபோல் ஆயிற்று. தலைமையாசிரியர் குடை பிடித்துக்கொண்டு வரச் சொன்னார். "கலர்தான் சார் மாறறது, படம் அதேதான்" என்றார் சபேசன். சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கி, நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

அவர் மனைவி கமலா மன்னி சும்மா இருப்பாரா? யாரோ ஒரு வைத்தியர் பேச்சைக் கேட்டு உப்பில்லாப் பத்தியம் ஆரம்பித்தார். கணவருக்காகத் தானும் உப்பை விட்டார். உப்பு ஜாடி பரண்மேல் ஏறிவிட்டது. மனுஷர் வாடி வதங்கிப் போனார். ஒருநாள் என் டிபன் டப்பாவிலிருந்த உப்பு நார்த்தங்காய் முழுவதையும், எதிரில் நான் இருப்பதையே மறந்து, சப்பித் தீர்த்தார்.

"நாளைக்கும் கொண்டுவாங்கோ. ஆத்துல சொல்லிடாதேங்கோ."

பத்தியத்தைக் கெடுப்பது பாவம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தினமும் கடத்திக்கொண்டு போனேன். தசரா லீவு வந்தது, கடத்தல் நின்றது. நான்காம் நாள் சபேசன் கூடத்தில் சுருண்டு விழுந்துவிட்டார் என்று ஆள் வந்தது. ஓடினேன். ராயப்பேட்டை டாக்டர் ஒருவர் நாடி பிடித்துக்கொண்டிருந்தார். நாடி இருக்கிறதா என்பதே அவருக்குச் சந்தேகமாக இருந்தது. மன்னி எதிரிலேயே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டேன். மன்னி பார்த்த பார்வையில் நான் வெந்துபோயிருக்க வேண்டும்.

டாக்டர் சாவகாசமாகச் சொன்னார்: "சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்கும்மா. இவருக்கு அது சரியா சுரக்கல. அதனால உடம்புல உப்பு நிக்காது, ஒழுகிடும். கறுக்கறதும் அதனாலதான். இந்த சார்தான் ஊறுகாய் குடுத்து இத்தனை நாள் காப்பாத்தியிருக்கார். லீவு விட்டதுதான் தப்பு."

மன்னி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே பரண்மேல் ஏறி ஜாடியை இறக்கினார். உப்பைக் கரைக்கும்போது அழுதார்.

அப்புறம் ஊசி. அந்த மருந்து மாட்டின் சுரப்பியிலிருந்து எடுப்பது என்று தெரிந்ததும் வீட்டில் புகைந்தது. "குழந்தைகளுக்குக் கோரோசனை இழைச்சுக் குடுக்கறயே, அது மாமரத்துலயா காய்க்கறது?" என்று கேட்டார் சபேசன். மன்னியே டாக்டருக்கு ஆள் அனுப்பினார்.

இந்தத் தடவை அவரைக் கொண்டுபோன ஜுரத்தில் குடித்தது எதுவும் வயிற்றில் தங்கவில்லையாம். ஊசி மருந்தும் ஊரில் கிடைக்கவில்லை.

ஸ்டாஃப் ரூமில் அத்தனை பேர் இருக்க என்னிடம் மட்டும் ஏன் நார்த்தங்காய் கேட்டார் என்று முன்பு ஒருதரம் அவரையே விசாரித்தேன். "நீங்க டாக்டர்னா கேட்டேன்? உங்களுக்கு முடியாதுன்னு சொல்ல வராது. அதான்" என்றார்.

யார் எது கேட்டாலும் தலையாட்டிவிடுகிறேன் என்று என் வீட்டில் இன்றைக்கும் திட்டு விழுகிறது. அந்தக் குறையைத் திருத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. ஒரு மனிதர் அதனால் ஐந்து வருஷம் கூட இருந்தார்.