ஜெசிந்தா அக்கா பிடுங்கிய பட்டன்

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு அந்தோணியின் போன் வந்தது. ஜெசிந்தா அக்காவின் தம்பி அவன். "அக்கா போயிட்டா, அண்ணே" என்றான். அப்போது என் கணினித் திரையில் அக்கா கடைசியாக அமைத்த பாட்டுத்தான் திறந்திருந்தது. அதை வைத்து நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அதற்கு முன் உங்களிடம் ஒரு கேள்வி. அக்காவைத் தெரிந்த நீங்கள் வாட்ஸப்பில் 'பொறுமையின் சிகரம்', 'அமைதியின் வடிவம்' என்று போடுகிறீர்களே, யாரைச் சொல்கிறீர்கள்? துறைமுகச் சாலை மாடியில் இருக்கும் எங்கள் சின்ன ஸ்டுடியோவில் பதினாறு வருடம் அவரோடு வேலை செய்தவன் நான். அவர் இசைக்கோர்ப்பு, நான் ஒலிப்பதிவு. அக்காவுக்குப் பொறுமை கிடையாது, வாய்தான் உண்டு. நம் திருவிழாப் பாட்டுகளில் பாதிக்கு வயலினும் பேஸும் எழுதியது அவர். ஒரு ஆல்ப உறையிலாவது அவர் பெயரைப் போட்டீர்களா? இப்போது படத்துக்கு மட்டும் ஆள் உயர மாலை.

ஒருமுறை நான் ஒரு புது மென்பொருள் கருவியை இறக்கி வைத்திருந்தேன். மெட்டைக் கொடுத்தால் அதற்கேற்ற கார்டுகளை, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகளை, அதுவே வரிசையாகப் போட்டுத் தரும். அக்கா அரை மணி நேரம் அதோடு விளையாடினார். நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். பிறகு அது போட்டதில் முக்கால்வாசியை அழித்துவிட்டு, "எது பொருந்தும்னு இதுக்குத் தெரியுதுலே. எங்க சும்மா இருக்கணும்னு தெரியல" என்றார். மிச்சமிருந்த நாலு கார்டில் அந்தப் பாட்டு நின்றது.

அவரது கடைசி வேலை ஒரு அம்பாப் பாட்டு. கரைவலை இழுக்கும்போது பாடுவது. மிக்கேல் அண்ணாச்சியையும் அவரோடு வலை இழுக்கும் நாலு பேரையும் கடற்கரையிலேயே பாடவைத்துப் பதிவு செய்தோம். அலை வரும்போது கயிறு இளகும், அப்போதுதான் அடுத்த இழுப்பு. தாளமும் அந்த இழுப்பில்தான் விழும். ஆகவே ஒரு அடி நீளும், ஒரு அடி குறுகும். மென்பொருளின் திரையிலோ எல்லாம் சம அளவுக் கட்டங்கள். அக்கா பதினோரு நாள் உட்கார்ந்து, ஒவ்வொரு இழுப்புக்கும் அந்தக் கட்டங்களை நகர்த்தி, அதன்மேல் வயலின்களை எழுதினார். எங்கள் கணினியின் கீபோர்டில் க்யூ (Q) எழுத்துப் பட்டனைத் தட்டினால் போதும், எல்லாச் சத்தமும் ஓடிப்போய்ச் சமமான கட்டத்தில் நின்றுகொள்ளும். என் கை பழக்கதோஷத்தில் அங்கே போகும் என்று, கத்திமுனையால் அந்தப் பட்டனையே நெம்பி எடுத்துத் தன் ஜெபமாலை டப்பாவில் போட்டுக்கொண்டார். "இனி தட்டுலே, பாக்கலாம்" என்றார்.

அக்கா ஆஸ்பத்திரியில் சேர்ந்த மறுநாள் அந்தப் பாட்டை வெளியிடும் ஆல்பக்காரர் வந்தார். "தாளம் தள்ளாடுது தம்பி. ரீல்ஸுல பிள்ளைகள் ஆடணும்லா? கொஞ்சம் நேராக்குங்க" என்றார். அக்கா அப்போது நன்றாகப் பேசிக்கொண்டுதான் இருந்தார். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் திட்டுவார் என்று தெரியும், அதனாலேயே கேட்கவில்லை. பட்டன் இல்லை, மௌஸ் இருந்தது. எல்லாவற்றையும் நேராக்கிக் கொடுத்தேன். ஆல்பக்காரர்மேல் எனக்கு இருக்கும் ஆத்திரத்தைவிட என்மேல் இருப்பது அதிகம்.

பாட்டு வெளியானது. அக்கா சந்தோஷப்படுவாள் என்று அந்தோணி போனில் போட்டுக் காட்டியிருக்கிறான். அன்று மாலை அக்காவிடமிருந்து எனக்கு ஒரு குரல்செய்தி வந்தது. "இதுல கடல் எங்கலே?" அவ்வளவுதான். பழைய கோப்பை எடுத்து, அவர் வைத்தபடியே பாட்டை மறுபடி முடித்து, அதையே பதிலாக அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை காலை அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்து வாசலில் ஆல்பக்காரர் ஸ்பீக்கர் வைத்து, அஞ்சலி என்று அந்த நேராக்கிய பாட்டைப் போட்டார். என் பக்கத்தில் நின்ற மிக்கேல் அண்ணாச்சி காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "இது நாங்க இல்லையே தம்பி. இப்படி இழுத்தா வலை கிழிஞ்சிரும்லா?" என்றார். நான் போய் வயரைப் பிடுங்கினேன். சாவு வீட்டில் மரியாதை தெரியாதவன் என்று சொன்னீர்கள். மரியாதையைப் பற்றி நீங்களா பேசுவது? நானும்தான் பேசக்கூடாது.

முப்பதாம் நாள் பூசைக்கு அந்த நேராக்கிய பாட்டை யாரும் போடவேண்டாம். அக்காவின் பாட்டு என்னிடம் இருக்கிறது, உறையின் முதல் வரியில் அவர் பெயரோடு தருகிறேன். தள்ளாடுகிறது என்று யாராவது சொன்னால் மிக்கேல் அண்ணாச்சியிடம் போய்க் கேட்கட்டும்.

அந்தோணி அந்த ஜெபமாலை டப்பாவை என்னிடம் கொடுத்தான். மாலையை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். பட்டனை மட்டும் வைத்துக்கொண்டேன். அதைத் திரும்பப் பொருத்தப் போவதில்லை. அக்கா வைத்தபடியே பாட்டை முடித்த அன்று, அந்தப் பாட்டை வாட்ஸப்பில் அக்காவின் எண்ணுக்கு அனுப்பினேன். இன்னும் ஒற்றை டிக்தான் இருக்கிறது.